ஈரச் சக்கை

வெல்ல ஆலையில் கரும்பைப் பிழிந்தார்கள். சாறு தொட்டிக்குள் இறங்கியது. சக்கை வெளியே விழுந்தது.

"பயப்படாதே தம்பி," என்றது சக்கை. "நீ கொப்பரையில் கொதிக்கும்போது கீழே நான்தான் எரிவேன். சூடு அதிகமாகாமல் பார்த்துக்கொள்வேன்."

"சீக்கிரம் வா அண்ணா. நேரமானால் நான் புளித்துப்போவேன்," என்றது சாறு.

இதைக் கேட்ட அடுப்பு சிரித்தது. "உடம்பெல்லாம் ஈரம், இவன் எரியப் போகிறானாம். நீ புகைவாய், எரியமாட்டாய். போய் வெயிலில் காய்."

சக்கையைக் களத்தில் பரப்பினார்கள். முன்பே காய்ந்திருந்த வேறொரு கரும்பின் சக்கையை எரித்து, அன்றே சாற்றை வெல்லமாக்கிவிட்டார்கள்.

சில நாளில் ஈரம் வற்றியது. சக்கையை அடுப்புக்கு வாரிக்கொண்டு போனபோது, வழியில் சாக்குக்குள் வெல்லம் இருந்தது.

"தம்பி, நல்லா இருக்கிறாயா?"

"யார் நீ?"

"ஒரே கரும்பில் இருந்தோமே."

"இருந்திருக்கலாம். என்னைக் காய்ச்சியவன் சாம்பலாகிவிட்டான். அவனிடமே நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ எதற்கு உறவு கொண்டாடுகிறாய்?"

சக்கை பதில் சொல்வதற்குள் அடுப்பில் தள்ளிவிட்டார்கள். அது குப்பென்று பற்றியது.

மேலே கொப்பரையில் யாரோ ஒரு புதுச் சாறு துடித்தது. "யாரடா கீழே? இப்படிச் சுடுகிறாயே, உனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாதா?"

"கிடையாது," என்றது சக்கை. அதன்பிறகு இன்னும் வேகமாக எரிந்தது.