நாலு பேர் ஏறும் பிரிட்ஜ்

வெள்ளத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு மிதக்கிற சாமான் எதுவானாலும் அது படகுதான், பதிவு செய்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்த வருடம், ஞானவேலின் வீட்டுக்கும் ஆய்வாளர் வந்துவிட்டார். போன மழையில் ஞானவேலின் மனைவி திலகா சமையலறைப் பிரிட்ஜின் மேல் உட்கார்ந்து தெருமுனைவரை போனதை ட்ரோன் படம் பிடித்திருந்தது.

“எத்தனை பேர் ஏறலாம்?” என்று கேட்டார் ஆய்வாளர்.

எதிர்வீட்டுக் குமரகுருவின் திவான் கட்டில் மூன்று பேருக்கு என்று பதிவாகியிருந்தது. அதைவிடக் குறைத்துச் சொல்ல ஞானவேலுக்கு மனம் வரவில்லை.

“நாலு பேர் தாராளமா ஏறலாம் சார்.”

திலகா தலையில் அடித்துக்கொண்டாள். பிரிட்ஜ் கதவில் பதிவு எண்ணையும் ‘4 பேர்’ என்பதையும் பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். ஞானவேல் அதை எதிர்வீட்டுக்குத் தெரியும்படி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. மல்லாந்து மிதந்த பிரிட்ஜின் மேல் ஒண்டிக்கொண்டிருந்த இருவரும் மீட்புப் படகைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். படகு பக்கத்தில் வந்தது. மீட்புப் பணியாளர் கதவில் இருந்ததைப் படித்தார்.

“சொந்தப் படகு வெச்சிருக்கீங்க. அப்புறம் எங்களை எதுக்கு சார் கூப்பிடுறீங்க?”

“யோவ், இது பிரிட்ஜுய்யா!”

“நாலு பேர்னு நீங்கதானே சொல்லிப் பதிஞ்சீங்க?”

பணியாளர் தன் படகுக்குள் திரும்பிப் பார்த்தார். திவான் மூழ்கிப்போனதில் சொட்டச் சொட்ட நனைந்து, குமரகுருவும் அவர் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் இவங்க படகுக்கு மாறிக்குங்க சார். அதுல இன்னும் ரெண்டு சீட்டு காலியா இருக்கு.”