நாற்பது டாலர் விரிசல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. பிங் சித்தப்பா பேசுவதில் பாதி வசவு. தெருச் சத்தத்தில் அது காதில் விழாமல் போனால் கதையே போச்சு.

வளர்ப்பு மீன் விற்கிற மோங்காக் மீன் தெருவில் அவரைப் போல ஒரு கஞ்சனைப் பார்க்க முடியாது. மீன் வாங்கினால் பைக்குள் இருக்கிற காற்றுக்கும் காசு கேட்பார் என்று பக்கத்துக் கடை லின் அக்கா சொல்வாள்.

சித்தப்பா கடை வாசலில்தான் மூன்று நாளாக நின்று நின்று போனாள் சியூயின். கஞ்சிக் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். மத்தியானம் கிடைக்கிற அரை மணி ஓய்வில் இங்கே ஓடி வந்துவிடுவாள். கண்ணெல்லாம் ஒரு பழைய மீன்தொட்டி மேல். ஒரு முழ நீளம். யாரோ வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போனது. விலை முந்நூறு டாலர்.

"கொஞ்சம் குறைச்சுக் குடுங்க சித்தப்பா."

"முந்நூறுன்னா முந்நூறுதான். இது என்ன கீரைக் கடையா?"

வீட்டில் அவள் புருஷன் ஷுய்கன் படுத்த படுக்கை. படகில் பிறந்து, கடலைப் பார்த்தே வளர்ந்தவன். கரைக்கு வந்து மூங்கில் சாரம் கட்டப் போனவன், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அவர்கள் அறையில் கட்டில் போக ஒரு ஆள் நிற்க இடம் உண்டு. ஜன்னல் கிடையாது. மூன்று வாரமாகச் சுவர் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. கண் முன்னால் கொஞ்சம் தண்ணீர் அசைந்தால் இந்தப் பக்கம் திரும்புவானோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

மூன்றாவது நாள் லின் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "என்கிட்ட ஒரு தொட்டி சும்மாத்தான் கிடக்கு. காசு வேணாம், எடுத்துட்டுப் போடி" என்றாள்.

சியூயினுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவருக்கு இடுப்புதான்க்கா உடைஞ்சிருக்கு. நாங்க இன்னும் யார்கிட்டயும் கையேந்தலை." விறுவிறுவென்று போய்விட்டாள்.

பிங் சித்தப்பா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

மனசு ஆறாமல் நாலாவது நாளும் வந்தாள். வந்து பார்த்தால், தொட்டியின் அடிக் கண்ணாடியில் மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். கீழே விரித்திருந்த செய்தித்தாள் சொதசொதவென்று நனைந்து கிடந்தது.

"ஐயோ, என்ன ஆச்சு?"

"வச்ச கண்ணு வாங்காம பார்த்தியே, அதான் ஆச்சு!" பிங் சித்தப்பா எரிந்து விழுந்தார். "தூக்கி வைக்கிறப்ப இடிச்சுடுச்சு. இப்ப ஒழுகுது. நாற்பது டாலர். வேணும்னா எடு, இல்லேன்னா குப்பைக்குப் போகுது."

அவள் விரிசலைத் தொடப் போனாள்.

"கையை எடு! கீறிக்கிட்டா அதுக்கும் என்கிட்ட வந்து அழுவியா?"

லின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அடப் பாவி மனுஷா! உடைஞ்சதைப் போய் இந்தப் பொண்ணு தலையில கட்டுறியே! வாங்காதேடி. ராத்திரியில பொளந்துக்கிட்டா தண்ணி கீழ் வீட்டுக்குப் போகும். அப்புறம் ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்."

சொல்வது நியாயம்தான். இந்த அறையும் போனால் படுத்திருக்கிறவனை எங்கே தூக்கிக்கொண்டு போவது? சியூயின் தொட்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துக் கிடக்கிற முதுகு நினைவுக்கு வந்தது.

"ஒட்டினா நிக்குமா சித்தப்பா?"

"ஒழுங்கா ஒட்டினா நிக்கும். முதல்ல விரிசல் மேல பிளேடை வச்சு நல்லாச் சுரண்டணும். அப்புறம் பசை தடவி ஒரு நாள் காய விடணும். பசை நாற்பத்தஞ்சு."

"தொட்டியை விடப் பசை விலை அதிகமா இருக்கே!"

"தொட்டி உடைஞ்சது. பசை புதுசு."

"நீயெல்லாம் ஒரு மனுஷனா!" என்றாள் லின் அக்கா.

சியூயின் இரண்டுக்கும் எண்ணிக் கொடுத்தாள். தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விரிசல் மேல் பிளேடை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். விரிசல் அப்படியே எழுந்து பிளேடோடு வந்துவிட்டது! விரலில் சுருண்டு தொங்கியது. கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"அதை இங்க குடு."

மூன்று வாரத்தில் முதல் பேச்சு. ஷுய்கன் அதை விரல் நடுவே உருட்டினான், இழுத்துப் பார்த்தான்.

"நரம்புடி இது. தூண்டில்ல கட்டுற நைலான் நரம்பு. எவன்டி இதைக் கண்ணாடியில ஒட்டி வச்சது?"

இரண்டு நாள் கழித்து அவள் மீன் தெருவுக்குப் போனபோது, லின் அக்கா இன்னும் அடங்கியிருக்கவில்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். பிங் சித்தப்பா தன் பாட்டுக்குப் பைகளில் காற்று அடைத்துக்கொண்டிருந்தார்.

உண்மை சியூயினின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால், அது இரக்கப்பட்டுக் கொடுத்த தொட்டியாகிவிடும். விழுங்கிக்கொண்டாள்.

"என்ன தொட்டி குடுத்தீங்க சித்தப்பா! ஒட்டி ஒட்டி என் கையே ஓய்ஞ்சு போச்சு!" தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

"அப்பவே சொன்னேனே, என்கிட்ட வந்து அழாதேன்னு!" அவரும் விடவில்லை. "இப்ப ஒழுகுதா?"

"ஒழுகலை." அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு சிவப்பு மீன் வேணுமாம். அவரே வாயைத் திறந்து கேட்டார்."

பிங் சித்தப்பா குனிந்துகொண்டார். பக்கத்திலேயே நீந்துகிற மீனை ரொம்ப நேரம் தேடினார். இரண்டைப் பிடித்துப் பையில் விட்டு, முழு விலையையும் கறாராக வாங்கிக்கொண்டார்.

எல்லார் பைக்கும் ரப்பர் வளையம் போடுகிறவர், அவள் பையை மட்டும், மேசைக்கு அடியிலிருந்து ஒரு நைலான் நரம்பை எடுத்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.