மூக்கு வழி

கடைசி வரிசையில் அவளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டிருந்தார்கள்.

ஹெட்போனின் வயர் எதிலும் செருகப்படவில்லை. மற்றவர்களுடையதும் அப்படித்தான். ஆங்கிலத் துறையின் மொழி ஆய்வகம் மூன்று வருடமாகப் பூட்டிக்கிடந்தது. ஆய்வுக்குழு வருகிறது என்றதும் நேற்றுதான் திறந்து தூசி தட்டினார்கள். இருபது கம்ப்யூட்டரில் நான்குதான் ஓடின.

முன்னால் நின்று ஏஞ்சலின் வாசித்துக்கொண்டிருந்தாள். ஆங்கில ஒலிகள் நாற்பத்து நான்கு. உயிர் இருபது, மெய் இருபத்து நான்கு. மெய்யில் வெடிப்பொலி ஆறு, உரசொலி ஒன்பது, மூக்கொலி மூன்று.

நல்ல குரல். குறையே சொல்ல முடியாது.

வாசித்த அத்தனையும் கடைசி வரிசையில் இருந்தவள் எழுதியது.

சுவரில் தொங்கும் படமும் அவள் வரைந்ததுதான். நாக்கு, பல், அண்ணம், காற்று போகும் வழி என்று ஒன்று விடாமல் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தாள். கீழே பெயர் போட இடம் விட்டிருந்தாள். அங்கே இப்போது 'இறுதியாண்டு மாணவிகள்' என்று எழுதியிருக்கிறது.

"நீ எழுதிக் குடும்மா, ஏஞ்சலின் வாசிக்கட்டும். வர்றவங்க முன்னாடி உனக்கு எதுக்குச் சங்கடம்?" என்றிருந்தார் துறைத்தலைவர் சுகந்தி மேடம், தோளில் கை வைத்து.

யாருக்குச் சங்கடம்?

பிளந்த அண்ணத்தோடு பிறந்தவள். இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வாய்க்கூரையில் ஒரு சின்ன ஓட்டை மிச்சம். பேசினால் அது வழியாகக் காற்று மூக்குக்கு ஓடிவிடும். 'ப' என்றால் பாதி 'ம'. ஆறு வயதில் மருத்துவமனையில் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து ப, ப, ப என்று சொல்லவைப்பார்கள். கண்ணாடி மங்கினால் தப்பு. மறுபடி முதலிலிருந்து. நான்கு வருடம். இந்தப் பாடத்தை அப்படிப் படித்தவள் இந்தக் கல்லூரியில் வேறு எவள்?

ஏஞ்சலின் முடித்தாள். கைதட்டினார்கள்.

குழுவில் இருந்த வயதானவர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பி, எம் இரண்டுக்குமே உதடு மூடுகிறது. அப்புறம் எப்படி இரண்டும் வேறு வேறு ஒலியாகின்றன?

ஏஞ்சலின் தாளைப் புரட்டினாள். தாளில் அது இல்லை.

மேடம் சிரித்த முகத்தோடு கடைசி வரிசையைப் பார்த்தார். விரல்களைக் காற்றில் அசைத்துக் காட்டினார். எழுதி அனுப்பு.

துண்டுத்தாள் மேசையிலேயே இருந்தது. பேனாவும் இருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

வாய்க்கூரையின் பின்பகுதி மேலே எழுந்து மூக்கு வழியை அடைத்தால் பி, அடைக்காமல் விட்டால் எம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாம் மூக்கில் புரண்டு வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள்.

"ஸாரி?" என்று அந்த வயதானவர் காதைச் சாய்த்தார்.

"உட்காரும்மா," என்றார் மேடம்.

அவள் உட்காரவில்லை. முதலிலிருந்து சொன்னாள், இன்னும் சத்தமாக. முடித்துவிட்டுத் தமிழில், "எனக்கு எதுக்குமே அடைக்காது சார். ஆனா இது எல்லாம் நான் எழுதினது" என்றாள்.

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு அவளிடம் கேட்டார்.

"உங்க பேர் என்னம்மா?"

மேடம் முந்திக்கொண்டார். "பூங்கோதை சார். பாவம், பொறந்ததுலேர்ந்தே அந்தப் பொண்ணுக்கு..."

"என் பேரை நான் சொல்றேன் மேடம்."

அவர் இன்னும் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

அவள் இரண்டு உதடுகளையும் சேர்த்து மூடினாள்.