கலெக்டர் கடத்தல்

காலை ஏழரை மணிக்கு கலெக்டரைக் காணவில்லை.

உடன்குடி கருப்பட்டி மொத்த வியாபாரி தேவபிரசாதம் அண்ணாச்சி வளர்த்த சேவலுக்குத்தான் அந்தப் பெயர். தெருவில் அது நடந்துபோனால் ஆய்வுக்கு வந்த மாதிரியே இருக்கும். அதற்கு மட்டும் பாதாம் ஊறவைத்துக் கொடுப்பார். மற்றபடி அவர் கையிலிருந்து ஒரு பருக்கை கீழே விழாது.

"எல்லாம் அந்தக் கிங்ஸ்டன் வேலை! நான் லோடு ஏத்தக் கடைக்குப் போயிட்டேன், நீ விடியுமுன்னயே கோயில்ல தோரணம் கட்டப் போயிட்ட. ஆளில்லாத நேரம் பாத்துத் தூக்கிட்டான்" என்று மனைவி ஜெபசெல்வியிடம் குதித்தார்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஊர்க் கோயில் நூற்றைம்பது வருஷத்துத் தேவாலயக் கட்டடம். பெண்கள் உட்காரும் பக்கம் கூரை ஓடுகள் நொறுங்கிப்போய், மழை நாளில் அவர்கள் குடை பிடித்துக்கொண்டுதான் பாட்டுப் பாடினார்கள். கூரைக் கமிட்டிச் செயலாளர் கிங்ஸ்டன் நன்கொடை கேட்டு நாலு முறை வந்தான். "ஆம்பளைங்க பக்கம் ஒழுகலையேடே" என்று நாலு முறையும் சுக்குக்காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார் அண்ணாச்சி. கடைசியாகப் போகும்போது அவன் சேவலை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை சரியில்லை.

அன்று ஸ்தோத்திரப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பூசணி, முட்டை எல்லாம் கோயில் வாசலில் ஏலத்துக்கு வந்தன. கிடைக்கும் பணம் கூரைக்கு. ஏலம் விட்டவன் கிங்ஸ்டன்.

"அடுத்து, பேர் சொல்ல விரும்பாத ஒரு விசுவாசியோட காணிக்கை!"

பச்சைத் துணியால் கால் கட்டப்பட்டு, அவன் கையில் கலெக்டர்!

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "ஏலே, அது என் சேவல்லே! கொண்டாலே இங்கன!"

"விடியக்காலம் காணிக்கை மேசைக்கு அடியில கெடந்துச்சு அண்ணாச்சி. ஆண்டவருக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கலாமா? வேணும்னா ஏலத்துல எடுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆயிரம்" என்றார் அண்ணாச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரெண்டாயிரம்!"

கேட்டது பிரியாணிக் கடை செந்தூர்வேல். கண் முழுக்கக் கலெக்டரின் தொடை மேல்தான் இருந்தது. அண்ணாச்சி உடனே "மூவாயிரம்!" என்று கத்தினார்.

அப்புறம் அது சேவல் ஏலமாக இல்லை. நாலு பேர் முன்னால் பின்வாங்கி இரண்டு பேருக்குமே பழக்கமில்லை. நாற்பத்தோராயிரத்தில்தான் செந்தூர்வேல் துண்டை உதறிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து, கலெக்டரை மடியில் வைத்துக் கால்கட்டை அவிழ்த்தபோது அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"ஏளா, இந்தத் துணியப் பாத்தியா? சீலைக் கிழிசல். நாளைக்கே போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன். மிச்சச் சீலை கிங்ஸ்டன் வீட்டுலதான் இருக்கும். பய கையும் களவுமா மாட்டுவான்!"

ஜெபசெல்வி துணியைப் பார்த்தாள். சேவலைப் பார்த்தாள்.

"ஏங்க, நாப்பத்தோராயிரத்துக்கு எங்க பக்கத்து ஓடு பூராத்தையும் மாத்திரலாமா?"

"மாத்தலாம், மாத்தலாம். அதுவா இப்பப் பேச்சு? திருடனப் பிடிக்க வழியச் சொல்லுவியா, ஓட்டப் பத்திப் பேசுத!"

ஜெபசெல்வி உள்ளே போய், முந்தானை கிழிந்த தன் பச்சைச் சேலையைப் பெட்டியின் அடியில் வைத்து, இனித் தேவைப்படாத கோயில் குடையையும் அதன்மேல் வைத்துப் பூட்டினாள்.