எரிந்தால் ஒன்று

செம்பாக்கம் ஏரியைப் பார்த்த மாடியறையில் பீரோ உயரத்துக்கு அந்தப் பழைய மினிகம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருக்கிறது. அதற்குப் புதுக் கட்டளையொன்றைச் சேர்ப்பதற்காக, ஒவ்வொரு கட்டளையையும் எப்படிச் செய்வதென்று உள்ளே ஒரு சிப்பில் பதிந்திருந்த மைக்ரோகோடு முழுவதையும் முகப்பு விளக்குகளைப் பார்த்து வாசித்துச் சொன்னவள் ஜோசலின். எரிந்தால் ஒன்று, எரியாவிட்டால் பூஜ்யம். பழைய சிப் கழற்றும்போதே உடைந்துபோயிற்று. மிச்சமிருக்கும் ஒரே வெற்றுச் சிப்பில், அவள் சொன்னதை நண்பன் ஸ்ரீவத்சன் டிக் டிக்கென்று சுட்டுப் பதிக்கிறான். பதிந்ததை அழிக்க முடியாது. ஏழாவது விளக்கு ஒரு தடவையாவது எரிந்ததா? அவள் எழுந்து முகப்பை நோக்கிப் போகிறாள்.

"முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு. ஏன் எழுந்துட்ட?" என்கிறான் ஸ்ரீவத்சன்.

எல்லா விளக்குகளையும் ஒருசேர எரியவைத்துச் சோதிக்கும் பொத்தானை அவள் அழுத்துகிறாள். பதினாறில் பதினைந்து எரிகின்றன; ஏழாவது எரியவில்லை.