வெறும் வயிற்றில் வரவும்

முப்பத்தெட்டாவது ஆளுக்கும் சர்க்கரை வியாதி.

குமாசி நகரிலிருந்து இந்த ஊரில் முகாம் நடத்த வந்த நர்ஸ் செர்வா, கருவியை முறைத்துப் பார்த்தாள். அதன் கணக்கில், வெறும் வயிற்றில் அளவு ஏழுக்கு மேல் போனால் வியாதி. இங்கே எட்டுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கருவி சரியாகத்தான் இருந்தது. ஊர்தான் சரியில்லை போலிருக்கிறது.

"அப்போ இனிமே ஃபுஃபுக் களி கிடையாதா?" வரிசையில் இருந்த ஆன்ட்டி டேடா தலையில் கை வைத்தாள். "அதுக்கு என்னை இப்பவே புதைச்சிடு, சிஸ்டர்."

கடைசியாக, தான் கூட்டி வந்த புகைப்படக்காரருக்கு வாகாக, ஊராட்சி உறுப்பினர் நியார்கோ விரலை நீட்டினார். 'மாண்புமிகு' என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து சொற்பொழிவு; அந்தத் தாகத்துக்கு நாலு பாக்கெட் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

பதினொன்று. மாண்புமிகுவுக்கு எதிலும் முதலிடம்தான்.

செர்வா எழுந்தே விட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. யாரெல்லாம் சாப்பிட்டீங்க?"

"ஒரு வாய்கூட இல்ல!" என்றது கூட்டம், மாண்புமிகுவும் சேர்ந்து. அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி டேடாவுக்கு ஏப்பம் வந்தது.

"மால்ட் குடிச்சோம். அது என்ன சாப்பாடா?"

போதையில்லாத தானியப் பானம்தான், ஆனால் பாட்டில் முழுக்கச் சர்க்கரை! "யாரு குடுத்தது?"

"நான்தான்," என்றார் மாண்புமிகு பெருமையாக. "வந்தவங்க தொண்டையை நனைக்காம வந்த காரியத்தைப் பேசறதா? எங்களுக்கு மரியாதை தெரியாதா? என் கையாலேயே எடுத்துக் குடுத்தேன்."

செர்வா பட்டியலைக் கிழித்துப் போட்டாள். "இது எதுவும் செல்லாது. நாளைக்குக் காலையில எல்லாரும் மறுபடி வாங்க. பச்சைத் தண்ணி மட்டும்தான்."

முப்பத்தெட்டு பேரும் அந்த நொடியே குணமாகிக் கைதட்டினார்கள்.

"என்னை விட்டுடு. நாளைக்கு அக்ராவுல மீட்டிங்," என்றார் மாண்புமிகு. "அடுத்த வருஷ முகாமுல பார்த்துக்கலாம். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"அதுவும் சரிதான்," என்றாள் செர்வா. "ஊருக்கு ஆளுக்கொரு பாட்டில், உங்களுக்கு மட்டும் ரெண்டு. பின்னே பதினொண்ணு காட்டாம என்ன செய்யும்?"

கூட்டம் சிரித்தது. மாண்புமிகுவும் சிரித்துக்கொண்டே ஐந்தாவது தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.

"நீ வேற, சிஸ்டர். என் முறை வர்றதுக்குள்ள மால்ட் பெட்டியே காலி."