அண்ணன் சுற்றிக் காட்டும் கல்லூரி

தஞ்சாவூர்க் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தை சித்தீக் திறந்துவிடுகிறார். மே மாத வெயில் அவரை முந்திக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடிக் குடுவைகளின் மேல் விழுகிறது. தங்கை கமருன்னிஸா வாசலிலேயே நிற்கிறாள். அவள் இங்கே இரண்டாம் வருஷம் படித்தபோது, துபாய் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று இதே ஆய்வகத்திலிருந்துதான் அண்ணன் அவளை இழுத்துக்கொண்டு போனார். கையைக் கழுவக்கூட விடவில்லை. இன்று அவர் இங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். தன் மகள் ஹஃப்ஸாவுக்குக் கல்லூரியைச் சுற்றிக் காட்ட அவரே வர வேண்டும் என்று கமருன்னிஸா கேட்டு வரவழைத்திருக்கிறாள். முன்பு பார்த்த மன்னார்குடிக் கல்லூரியில் உதட்டைப் பிதுக்கிய ஹஃப்ஸா இங்கே மேஜை மேஜையாகப் போய்க் குழாய்களைத் திருகிப் பார்க்கிறாள். “இங்கயே சேர்றேம்மா,” என்கிறாள்.

“நன்னிலத்துலேருந்து பஸ் இருக்கு, வந்து போகட்டும்,” என்கிறார் சித்தீக். “ஹாஸ்டல்லாம் நம்ம பிள்ளைக்குச் சரிப்படாது.”

“ஹாஸ்டல்தான் அண்ணே. லோக்கல் கார்டியனா உங்க பேரைத்தான் குடுக்கப் போறேன்.” கமருன்னிஸாவின் குரல் உயரவே இல்லை. “நடுவுல கல்யாணம் காட்சின்னு யாராச்சும் கூட்டிட்டுப் போக வந்தா, நீங்கதான் நின்னு தடுக்கணும். நானே வந்தாலும் விடக்கூடாது.”

சித்தீக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். வெளியே போகப் பார்க்கிறார். அவள் வாசலை விட்டு நகராமல் நிற்கிறாள். கடைசியில் அவர், “சரி,” என்று முனகுகிறார்.

“சத்தமாச் சொல்லுங்க அண்ணே,” என்கிறாள் கமருன்னிஸா. “பிள்ளைக்குக் கேக்கட்டும்.”